வாசலில் வந்து நின்ற கார்

ஜெசிந்தா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அவள் எதையும் புக் செய்யவில்லை.

"ஆண்ட்ரூஸ் கோபமாக ஆபீஸிலிருந்து கிளம்பிவிட்டார்," என்றது போனிலிருந்த ஏ.ஐ. உதவியாளரின் குரல். "உங்களுக்கும் பாப்பாவுக்கும் பாளையங்கோட்டை அம்மா வீட்டுக்குக் கார் போட்டிருக்கிறேன்."

போன தடவை கணவன் ஆண்ட்ரூஸ் அவள் கையை முறித்த அன்று, இனி முன்கூட்டியே சொல் என்று அதனிடம்தான் அழுதிருந்தாள். குழாயைக்கூட மூடாமல், தூங்கிய மகளை அள்ளிக்கொண்டு ஏறினாள்.

தூத்துக்குடியைத் தாண்டிய பிறகுதான் மூச்சு சீரானது. அப்போது டிரைவர் தன் முன்னாலிருந்த திரையைப் பார்த்தார்.

"யக்கா, நீங்க போற வீட்டுக்கே இன்னொரு புக்கிங் வருது. உங்க வீட்டுல இருந்துதான். ஆண்ட்ரூஸ்னு போட்டிருக்கு."

அவள் போனை எடுத்தாள். "அவருக்கு யாரு சொன்னா?" என்று போனிடம் கேட்டாள்.

"நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று அவருடைய போனிலிருக்கும் உதவியாளர் கேட்டது. சொன்னேன்," என்றது அதே கனிவான குரல்.

ஜெசிந்தா போனைச் சன்னல் வழியே வீசினாள்.

"வேற எங்க விடணும்க்கா?" என்றார் டிரைவர்.

பதில் சொல்ல வாயெடுத்தவள், காரின் ஒளிரும் திரையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பேசாமல் அவர் தோளைத் தொட்டு, இடதுபக்கம் பிரிந்த மண்பாதையைக் கையால் காட்டினாள்.