டபுளுக்குப் பின் ஒரு நகச்சத்தம்

பிற்பகல் வெயில் சீட்டு மேசையின் பச்சைத் துணியில் சாய்ந்து கிடக்கிறது. கோப்பையைத் தீர்மானிக்கும் கடைசி பிரிட்ஜ் ஆட்டம். போன வருடம் இறந்துபோன கணவரின் நாற்காலியில், அவளுக்கு ஜோடியாக இன்று கொழுந்தன் உட்கார்ந்திருக்கிறான். ஏலத்தில் எதிரணி நாலு ஸ்பேடு வரை ஏறிவிட்டது. கொழுந்தன் டபுள் அட்டையை வைக்கிறான். அவர்கள் தோற்பது உறுதி, நீங்கள் பாஸ் சொன்னால் போதும் என்று அர்த்தம். அவள் விரல் பாஸ் அட்டையைத் தொடுகிறது. அப்போது எதிரே, அந்த நாற்காலிப் பக்கத்து மேசை விளிம்பில் ஒரு நகம் தட்டுகிறது, ஒரே ஒரு டொக். நடுவர் கண்ணில் ஒருநாளும் சிக்காத, அவளுக்கும் கணவருக்கும் மட்டுமேயான கள்ளக்குறி அது. ஏலத்தில் மேலே போ என்று அர்த்தம். தம்பிக்கு இதை எப்போது சொல்லிக்கொடுத்தார்? மின்விசிறி சுற்றுகிறது, யாரும் நிமிரவில்லை. அவள் ஆர்ட்டினைத் துருப்பாக்கும் அஞ்சு ஆர்ட்டின் அட்டையை எடுத்து வைக்கிறாள். மற்ற மூவரும் பாஸ். கொழுந்தன் தன் சீட்டுகளைத் திறந்து பரப்புகிறான். அதில் ஒரு ஆர்ட்டின்கூட இல்லை.

"நான்தான் டபுள் வெச்சேனே, ஏன் அண்ணி மேல போனீங்க?"

"நீ தட்டினியேப்பா."

"நான் எங்க தட்டினேன்?" என்று அவன் கைகளை விரித்துக் காட்டுகிறான். எல்லா விரல்களிலும் நகம் சதை தெரியக் கடிக்கப்பட்டிருக்கிறது.