ஏழாவது பிரதி

சிங்கப்பூர் டன்லப் தெருப் பழைய புத்தகக் கடையில் அன்று இருந்தவர்கள் மூவர்: ஏரம்பமூர்த்தி, அவருடைய மருமகன் கீதன், கடைக்காரர் ஜமால்.

“ஐயா, நீங்க கேட்ட 1934 இன்ஜினியரிங் ஜர்னல் இன்னொன்னு வந்துருச்சு லா!”

ஏரம்பமூர்த்தி நாற்பதாம் பக்கத்தை மட்டும் சரிபார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார்.

“மாமா, இதே இதழ் வீட்டு அலமாரியில ஆறு இருக்கே. ஏழு தடவ படிக்கப் போறீங்களா?”

“சேகரிக்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.”

“இனிமே அலையவே வேணாம்யா,” என்றார் ஜமால். “நீங்க இப்படித் தேடுறதப் பாக்கவே பாவமா இருந்துச்சு. முழுசா ஸ்கேன் பண்ணி நேத்தே இணையத்துல போட்டுட்டேன். இப்ப உலகமே படிக்கலாம்!”

கீதன் அங்கேயே கைபேசியில் தேடி, நாற்பதாம் பக்கத்தை உரக்கப் படித்தான். பாலம் இடிந்து ஐந்து கூலியாட்கள் இறந்தார்கள். சிமெண்டைத் திருடி விற்ற மேற்பார்வையாளரின் பெயர் வந்ததும் அவன் மாமாவின் பக்கம் திரும்பினான்.

“மாமா... இது உங்க அப்பா பேரு.”

எண்பது வருடம் நிமிர்ந்தே இருந்த தலை குனிந்தது.

ஏரம்பமூர்த்திக்குப் பழைய பொறியியல் இதழ்கள் என்றால் உயிர் என்று அவர் குடியிருக்கும் தோ பாயோ வட்டாரத்தில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையில்லை. அவர் தேடி வாங்கியது அந்த ஒரே இதழைத்தான், வேறு யாரும் அதைப் படித்துவிடக் கூடாது என்பதற்காக.