லிட்டருக்கு நாலு

“லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்தானா!”

கந்தப்புவின் வலது கை சட்டென்று நெஞ்சுக்குப் போனது. போச்சுடா, இவரும் ஓடப்போகிறார் என்று நினைத்தான் மார்வின்.

ரேஸ் கோர்ஸ் ரோடு கார்பார்க்கில் மார்வினின் ஜீப் ராணுவப் பச்சையில் ஒன்றரைக் கார் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஆசை ஆசையாய் வாங்கிய வண்டிதான். ஆனால் எட்டு மாதக் கர்ப்பிணியான மனைவி கிளாரிசாவால் ஸ்டூல் போட்டும் அதில் ஏற முடியவில்லை.

“பிள்ளை பொறக்கிறதுக்குள்ள இதை வித்துட்டு, மனுஷி ஏறுற மாதிரி ஒரு கார் வாங்கு. இல்லேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நீ இந்த ஜீப்பையே கட்டிக்கிட்டு அழு!” என்று காலையில்தான் பொரிந்து தள்ளியிருந்தாள்.

இதுவரை ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேரும் செல்ஃபி எடுத்தார்கள், எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று கேட்டார்கள், காணாமல் போனார்கள். ஆறாவதாக வந்தவர், செம்பவாங்கிலிருந்து கோயிலுக்கு வந்த கையோடு வண்டி பார்க்க வந்த இந்தக் கந்தப்பு.

மார்வின் பேச்சை மாற்றினான். “வண்டி உங்களுக்கா அங்கிள்?”

“எனக்கெதுக்கு? என் மகன் கஜனுக்கு. நேஷனல் சர்வீஸ்னு ரெண்டு வருஷம் பட்டாளத்துல இருந்துட்டு வந்ததுல இருந்து, வாங்கினா இந்த மாதிரி வண்டிதான்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். இப்போ ஒரு சின்னக் கார் வச்சிருக்கான். வெள்ளிக்கிழமை ஆனா போதும், மலேசியாவுல ஈப்போ, பினாங்குன்னு பறந்துடுவான். அவன் திரும்பி வர்ற வரைக்கும் என் வைஃப் ஒரு வாய் சாப்பிட மாட்டா.”

பினாங்கு வரைக்குமா! லிட்டருக்கு நாலு என்றால் எந்த அப்பன் வாங்குவான்? மார்வின் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“நாலுங்கறது முந்தி, அங்கிள். இப்போ ஃபுல் சர்வீஸ் பண்ணியாச்சு. எட்டு வருது லா!”

“எட்டா?” கந்தப்புவின் கை நெஞ்சிலிருந்து கீழே இறங்கியது. முகமும் கூடவே வாடியது.

எட்டும் போதவில்லை போலிருக்கிறது. “ஹைவேல பத்து!”

“பத்தா தம்பி?” குரலில் சுரத்தே இல்லை.

வந்தது வரட்டும் என்று மார்வின் துணிந்துவிட்டான். “பதிமூணு அங்கிள்! வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம்!”

நாளைப் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாம். பிள்ளைத்தாச்சிக்காகச் சொன்ன பொய்யை மாதாவா மன்னிக்க மாட்டாள்?

கந்தப்பு பெருமூச்சு விட்டு, வண்டியைப் பார்க்க வாங்கியிருந்த சாவியைத் திருப்பிக் கொடுத்தார். “வேணாம் தம்பி. மன்னிச்சுக்குங்க.”

“ஐயோ, ஏன் அங்கிள்? இதைவிடக் கம்மியா குடிக்கிற ஜீப் உலகத்துலயே கிடையாது லா!”

“அதானே பிரச்சினை! நல்லா பெட்ரோல் குடிக்கிற வண்டியைத்தான் நான் ஒரு மாசமாத் தேடறேன். லிட்டருக்கு நாலுன்னா, எல்லையில அந்தக் காஸ்வே பாலத்து ஜாம்லயே அவன் சம்பளம் கரைஞ்சிடும். அப்புறம் மலேசியா பக்கம் தலை வச்சும் படுக்க மாட்டான், சனி ஞாயிறு வீட்டோட இருப்பான். அவங்கம்மாவும் நிம்மதியாச் சாப்பிடுவா.”

சட்டைப் பையிலிருந்து செக் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். “நீங்க நாலுன்னு சொன்னதும் சந்தோஷத்துல இதைத்தான் எடுக்கப் போனேன்!”

எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் நடக்கத் தொடங்கியவரின் பின்னாலேயே மார்வின் ஓடினான்.

“அங்கிள், நில்லுங்க! நிஜமாவே நாலுதான்! ஏர்கான் போட்டா மூணுதான்! மாதா மேல சத்தியமா!”

கந்தப்பு நின்றார். அவனைப் பாவமாகப் பார்த்து, தோளில் தட்டிக்கொடுத்தார்.

“விக்கணுங்கறதுக்காக இப்படிப் பொய் சொல்லக்கூடாது, தம்பி.”