லோகன் திறக்காத பை

சீட்டுக்கு அடியில் தொங்கும், சவாரி செய்யாது. விழுந்ததைத் தூக்கி நிறுத்தும், கை கிடையாது. அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்.

காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் யோசிக்கவே மாட்டார்கள். டூல் பை. மாற்று டியூப், சாவிகள், பஞ்சர் பசை எல்லாம் அதில்தான் இருக்கும். சைக்கிள் படுத்துவிட்டால் அதுதான் எழுப்பும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரை கேவினும் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

ஜெஞ்சாரோம் செம்பனைத் தோட்டத்துக்கு நட்ட நடுவில் அவன் சைக்கிள் படுத்துவிட்டது. பின் சக்கரத்தில் மட்டை முள். பையிலிருந்த மாற்று டியூபைப் போட்டுக் காற்றடித்தான். அடிக்க அடிக்கப் புஸ்ஸென்று போனது.

கூட வந்த தனேஷ் அந்த டியூபைக் கழற்றித் தூக்கிப் பிடித்தான்.

"மச்சான், சாவியோட சேத்தா இதப் போட்டு வச்ச? குலுங்கிக் குலுங்கி உரசி ஓட்ட விழுந்திருக்கு பாரு. பழைய சாக்ஸ்ல சுத்தி வைன்னு சொன்னேன்ல."

"உன் டியூபக் குடு."

"அதத்தான் காலையிலயே எனக்கு மாட்டியாச்சே."

கேவினின் பஞ்சர் பசை காய்ந்து கல்லாகியிருந்தது. தனேஷிடம் பசையே இல்லை. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். போர்ட் கிள்ளானில் இரண்டு மணிக்கு ஷிப்ட். 'இன்னொரு தடவ லேட்டுன்னா, வேற எடம் பாத்துக்க' என்று சூப்பர்வைசர் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கார் நிற்கும் இடத்துக்குப் போனால் நிச்சயம் லேட்.

மீதி இருந்தது லோகன். பின்னால் மகள் தாமரையோடு வந்துகொண்டிருந்தார். பத்து வயதுப் பெண், பெரியவர்களுக்குச் சமமாக மிதிப்பாள்.

லோகனின் சீட்டுக்கு அடியில் உப்பலாக ஒரு பை. அதை அவர் திறந்து யாரும் பார்த்ததில்லை. பம்ப் வேண்டுமா, சாவி வேண்டுமா, கேவினிடம்தான் கேட்பார். ஆனால் வழியில் எங்கே நின்றாலும் அந்தப் பையைக் கழற்றிக்கொண்டு, மகளோடு ஏதாவது மரத்துக்குப் பின்னால் போய்விடுவார்.

"உள்ள தொடோல் மிட்டாய் இருக்கு லா. நமக்குக் குடுக்காம ரெண்டு பேரும் முழுங்குறாங்க" என்பான் தனேஷ்.

"அண்ணே, ஒரு டியூப் குடுங்க" என்றான் கேவின், லோகன் வந்து நின்றதும்.

"இல்லப்பா."

"பை இவ்ளோ பெருசா இருக்கு?"

"அதுல டியூப் இல்ல."

"பசையாவது?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்னதாண்ணே இருக்கு? தொறங்க, பாப்போம்."

லோகன் பையின்மேல் கையை வைத்தார். "தொறக்க முடியாது, கேவின்."

"விடு மச்சான். வெயில் பட்டா தொடோல் உருகிடும்" என்றான் தனேஷ்.

கேவினுக்குச் சிரிப்பு வரவில்லை. "போன வாரம் உங்க செயின் அறுந்தப்ப என் பைய அப்படியே கொட்டிக் குடுத்தேன்ணே. இன்னைக்கு எனக்கு வேல போயிடும்."

லோகன் தன் சைக்கிளை அவன் பக்கம் நகர்த்தினார். "இத எடுத்துக்கிட்டுப் போ. உன்னோடத நான் தள்ளிக்கிட்டு வரேன்."

வாங்கிய நாளிலிருந்து யாரையும் தொடவிடாத சைக்கிள். கேவின் கை நீட்டினான். அதற்குள் லோகன் குனிந்து, சீட்டுக்கு அடியிலிருந்த பையை மட்டும் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டார்.

கேவினுக்குச் சுருக்கென்றது.

"சைக்கிளையே குடுக்குறீங்க. பைய மட்டும் நம்பிக் குடுக்க மாட்டீங்களா? நான் என்ன திருடனா?"

"வாக்குக் குடுத்திருக்கேன்ப்பா."

"யாருக்கு?"

லோகன் மகளைப் பார்த்தார். தாமரையின் முகம் வெளுத்திருந்தது. மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. சைக்கிளைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

"வாம்மா" என்றார் அவசரமாக. "அந்த மரத்துக்குப் பின்னால போயிடுவோம்."

தாமரை மரத்தைப் பார்த்தாள். கேவினைப் பார்த்தாள். பிறகு நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"இங்கயே குடுங்கப்பா."

லோகன் பையைக் கொடுத்தார். அவளே ஜிப்பை இழுத்தாள்.

உள்ளே சின்னச் சின்ன சாக்ஸ்கள். ஒன்றோடு ஒன்று உரசாதபடி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பொருள். ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் மீட்டர். ஊசி. குளுக்கோஸ். இரண்டு ஜூஸ் பாக்கெட். ஒரு சாவிக்குக்கூட இடமில்லை.

ஒரு ஜூஸை உறிஞ்சி முடித்தாள். நடுக்கம் மெல்ல நின்றது.

"எனக்கு இனிப்புநீர், அங்கிள்" என்றாள் தாமரை. "சர்க்கரை எறங்கிட்டா விழுந்துடுவேன். ஸ்கூல்ல தெரிஞ்சதுக்கப்புறம் ஓட்டத்துல சேத்துக்கல, கூடாரத்துல ஒக்கார வச்சிட்டாங்க. நீங்களும் ஒக்கார வச்சிடுவீங்கன்னு, நான்தான் அப்பாவ யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன்."

தனேஷ் குனிந்து காலி ஜூஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டான்.

"நேரமாவுது, கெளம்பு" என்றார் லோகன், கேவினிடம். "இவளுக்கு ஒன்னும் இல்ல. நான் பாத்துக்கிறேன்."

கேவின் ஷிப்ட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாக்ஸில் சுற்றிய இரண்டு டியூப்களோடு வந்தான். ஒன்று லோகனுக்கு. லோகன் சுமந்து வந்த அந்தப் பையைத் தாமரை இப்போது தன் சீட்டுக்கு அடியிலேயே கட்டியிருந்தாள்.