கடைசி ஸ்டேஷன் வரை

“அந்தப் பைத்தியம் இன்னைக்கும் முதல் பெட்டியிலதான் ஏறிச்சு. முன்கண்ணாடியில மூக்க அழுத்திக்கிட்டுக் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் நின்னுக்கிட்டே வருது, அம்பத்தஞ்சு வயசுல!” கார்லைல் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த மாக்கரோனி தட்டுக்கு வெளியே தெறித்தது.

அவன் மனைவி ஈனிட் எதிரே உட்கார்ந்து கோழியைப் பிய்த்துக் கொண்டிருந்தாள். அவளுடைய நீலக் கம்பளிக் கையுறை ஒன்று ஹீட்டர் மேல் காய்ந்து கொண்டிருந்தது. சர்ச்சுக்குப் போய்த் திரும்பியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேறு என்ன வேலை?

“பாவம் மில்டன்” என்றாள்.

“என்ன பாவம்? ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ரயில் சரியான எடத்துல நின்னுச்சுன்னு காட்ட, கண்டக்டர் ஒரு கறுப்பு வெள்ளைப் பலகையப் பார்த்து விரல நீட்டுறான்ல, அதுக்குக்கூட ஒரு ஈன்னு இளிப்பு! ஒரு முனையிலேருந்து மறு முனைக்குப் போறது, அதே ரயில்ல திரும்பி வர்றது. இதெல்லாம் ஒரு பொழப்பா? அம்மாக்காரி செத்துத் தனியாக் கெடக்கானேன்னு நான் கூடப் போய்த் தொலையிறேன்.”

“நல்ல மனசு உனக்கு.”

“பின்ன? பத்து வருஷமாப் பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு, உன்னக் கண்டா ‘மேடம், மேடம்’னு தரையப் பார்த்துத்தானே பேசறான்? பொம்பள முகத்தப் பார்க்கத் துப்பில்ல, தண்டவாளத்தப் பார்க்குறான்.”

உண்மையில் கார்லைல் மில்டனோடு ஒரு நாள்கூட ரயில் ஏறியதில்லை. ஞாயிறுதோறும் பிராங்க்ளின் அவென்யூவில் இரண்டு முனைக்கு நடுவே மட்டும் போய்வரும் அந்த இரண்டு பெட்டி ஷட்டில் ரயிலில் ஏறி, கண்ணை மூடித் திறப்பதற்குள் பிராஸ்பெக்ட் பார்க்கில் இறங்கிவிடுவான். அவன் ரகசியமாகப் பழகும் இவெட்டின் வீடு அங்கேதான். நானும் முனைக்கு முனைதானே போகிறேன் என்று தனக்குத் தானே சிரித்துக் கொள்வான்.

போன வருஷம் வேறொருத்தி விஷயத்தில் அவன் மாட்டிக்கொண்டபோது ஈனிட் கத்தவில்லை, அழவில்லை. “இன்னொரு பொய் சொன்னா, உன் பெட்டி வாசப்படியில இருக்கும்” என்று மட்டும் சொன்னாள். வீடு அவள் அப்பா விட்டுப்போனது. சொன்னால் செய்கிறவள் வேறு.

அதற்காகத்தான் மில்டனைப் பிடித்தான். ‘ஈனிட் கேட்டா, உன்னோட இருந்தேன்னு சொல்லிடு’ என்றபோது அந்த அசடு பதில் சொல்லாமல் தன் ஷூவையே பார்த்துக் கொண்டு நின்றது. வாயில்லாப் பூச்சி, அது போய் யாரிடம் என்ன சொல்லப் போகிறது என்று கார்லைல் நிம்மதியாக இருந்தான்.

“இன்னைக்கு எந்த லைன்?” என்று கேட்டாள் ஈனிட்.

திரும்பி வரும்போதே ஷட்டிலில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்துப் பதிலைத் தயாராக வைத்திருந்தான். “ஏ ரயில். வடக்குக் கோடியில ஏறி, நேரா ராக்கவே பார்க். அப்படியே கடல் வரைக்கும்! உட்கார்ந்த எடத்த விட்டு எந்திரிக்கல, இடுப்பே கழண்டு போச்சு.”

“எந்திரிக்கவே இல்லையா?”

“எதுக்கு எந்திரிக்கணும்? கடைசி ஸ்டேஷன் வந்துச்சு, எறங்கினோம்.”

“பிராட் சேனல்ல காத்து எப்படி?”

“ரயிலுக்குள்ள ஏதுடி காத்து? சரிதான், ரயில் பக்கமே போகாதவகிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன் பாரு, என்னச் சொல்லணும்!”

ஈனிட் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை ஏ ரயில் ராக்கவே பார்க்குக்குப் போகாது, கார்லைல். வேலை நாள்ல, கூட்ட நேரத்துல மட்டும்தான் போகும். மத்த நேரமெல்லாம் பிராட் சேனல்ல எறங்கி, ஷட்டில் மாறணும். நாலு பக்கமும் தண்ணி. இந்தக் குளிர்ல அந்தப் பிளாட்பாரத்துல நின்னா பல்லு கிடுகிடுன்னு அடிச்சுக்கும். நீ உட்கார்ந்த எடத்த விட்டு எந்திரிக்கலன்னா, அங்க போயே சேரல.”

கார்லைலின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று அவன் வாயைத் திறப்பதற்குள், அவள் உள்ளே போய் அவனுடைய பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். அடுக்கி, பூட்டி, தயாராக இருந்தது.

அவனுக்குச் சுரீரென்று ஏறியது. ரயில் விவரம் இவளுக்கு எப்படித் தெரியும்? “ஓஹோ! அந்த ஊமைக் கோட்டான் வத்தி வச்சுட்டானா? நன்றி கெட்ட நாயி! அவனயெல்லாம் ஒரு மனுஷன்னு மதிச்சேன் பாரு!”

“அவரு உன்னப் பத்தி ஒரு வார்த்தை பேசல” என்றாள் ஈனிட்.

“அப்ப வேற எவன் சொன்னான்?”

அழைப்பு மணி அடித்தது. பாய்ந்து போய்க் கதவைத் திறந்தான் கார்லைல். கழுத்தில் கேமரா தொங்க, குளிரில் கண் கலங்கி, மில்டனேதான் நின்றிருந்தான். கார்லைல் எட்டி அவன் கோட்டுக் காலரைப் பற்றினான்.

மில்டன் அந்தக் கையைச் சாவகாசமாக விலக்கினான். இன்றைக்கு அவன் ஷூவைப் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை. கார்லைலின் தோளுக்கு மேலாக ஈனிட்டின் முகத்தை நேராகப் பார்த்து, பையிலிருந்து ஒரு நீலக் கம்பளிக் கையுறையை எடுத்து நீட்டினான்.

“ராக்கவே ஷட்டில் சீட்டுலயே விட்டுட்டு எறங்கிட்ட, ஈனிட்.”