எது வரைக்கும் என் தாவல்?

ஒரு குளத்தில் மழைக்கு மழை தவளைகளுக்குள் போட்டி நடக்கும். படித்துறைச் சுவரில் தாவ வேண்டும்; கால் பட்ட இடத்தில் நண்டு பாசியைச் சுரண்டிக் கோடு போடும். வெகுகாலமாகக் கிழத்தவளை தேரையாரின் கோடுதான் உச்சியில் இருந்தது. இந்த மழையில் சடையன் என்கிற தவளை அதைத் தாண்டிவிட்டான்.

ஊமத்தம்பூவில் மொய்த்த, காலுக்கு வெறிகொண்ட முறுக்கேற்றும் வண்டுகளை அவன் ஒளிந்து தின்றுவிட்டுத் தாவிய சங்கதி பிறகுதான் வெளியே வந்தது.

"அந்தக் கோட்டை அழி, நண்டு! தாவினது இவனில்லை, வண்டு!" என்று கத்தினார் தேரையார்.

சடையன் நண்டின் பக்கம் திரும்பினான். "வண்டு தின்னவனெல்லாம் தாவிடுவானா அண்ணே? கோடை முழுக்கக் கால் நோகப் பழகினேனே, என் பங்குன்னு ஒண்ணுமே இல்லையா?"

"இல்லாம இருக்குமா தம்பி?" என்ற நண்டு, நிதானமாகச் சுவரில் ஏறியது. "வண்டு தாவினதை அழிச்சுடறேன், நீ தாவினதை விட்டுடறேன். எது வரைக்கும் உன்னுதுன்னு சொல்லு."



"கொஞ்சம் மேலே..." என்றான் சடையன். நண்டு ஏறியது. "இல்லை, கொஞ்சம் கீழே..." நண்டு இறங்கியது.

கொடுக்கைத் தூக்கியபடி அது காத்திருந்தது. சடையன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கே தெரியலையே, அண்ணே" என்றான்.