மஞ்சள் விளக்கு

அந்தக் குடியிருப்பில் கழிவறையே மலத்தைச் சோதித்து வாசல் விளக்கின் நிறத்தை மாற்றிவிடும். வயிறு சுத்தமென்றால் பச்சை, கீரிப்பூச்சி இருந்தால் மஞ்சள். நாற்பது வீடுகளில் மங்களேஸ்வரியின் வாசல் மட்டும் இந்த வருஷம் மூன்றாவது முறையாக மஞ்சளாகியிருந்தது.

போன முறையும் வீட்டோடு மாத்திரை போட்டார்கள். மங்களேஸ்வரி மகளின் நகங்களை ஒட்ட வெட்டி, போர்வைகளையெல்லாம் வெந்நீரில் துவைத்தாள். இரண்டே வாரத்தில் பூச்சி திரும்பிவிட்டது.

"எங்க வீட்டு விளக்கு மாறினதே இல்லப்பா" என்றாள் எதிர்வீட்டு ரேணுகா.

மறுநாள் விடிந்ததும் பால் வாங்க இறங்கிய மங்களேஸ்வரி, காவலாளியின் பழைய கழிவறை முன்னால் வரிசை நிற்பதைப் பார்த்தாள். அதில் சோதனைக் கருவி கிடையாது. வரிசையில் ரேணுகாவும் பிள்ளையோடு நின்றாள்.

"நாங்க ஒளிக்கல, மாத்திரை போடுறோம். நீங்க ஒளிக்கிறதாலதான் எங்களுக்குத் திரும்பத் திரும்ப வருது. பிள்ளைங்க எல்லாம் ஒண்ணாத்தானே விளையாடுதுங்க? ஞாயித்துக்கிழமை எல்லா வீட்லயும் சேர்ந்து போட்ருவோம்" என்றாள் மங்களேஸ்வரி.

ரேணுகாதான் முதலில் வரிசையை விட்டு, பிள்ளையைத் தன் வீட்டுக் கழிவறைக்கே கூட்டிக்கொண்டு மாடியேறினாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

அன்று மாலை முப்பத்தொரு வாசல்களில் மஞ்சள் எரிந்தது. திருக்கார்த்திகைக்குத் தானே விளக்கேற்றி வைத்தவள் போல, மங்களேஸ்வரி அந்த வரிசையைப் பார்த்தபடி நிமிர்ந்து நடந்தாள்.